செயற்குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மனநல மருத்துவர் சங்கத்தின் அடுத்த ஐந்தாண்டைத் திட்டமிடுவது எப்படி?

இந்திய மனநல மருத்துவச் சங்கத்தில் தலைவருக்குக் காலம் ஓராண்டுதான். ஓர் ஆண்டு மாநாட்டில் பொறுப்பேற்பவர் அடுத்த மாநாட்டில் அதை ஒப்படைத்துவிட்டுப் போகிறார். மாநிலக் கிளைகள் பலவற்றிலும் இதே வழக்கம். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் பாதியை மாநாட்டு வேலையே எடுத்துக்கொள்ளும். மிச்சமிருப்பதில் பயிற்சிக் கூட்டங்கள், அக்டோபர் 10 உலக மனநல நாள், திடீரென்று வரும் ஒரு வழக்கு, ஒரு பத்திரிகைச் செய்தி என்று நாள் ஓடிவிடும். நம் முன்னால் இருக்கும் சிக்கல்களோ ஓராண்டுக் கணக்கில் அடங்காதவை. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. அது மாவட்ட அளவுக்கு இறங்கி வர 1996 ஆயிற்று. முதலில் எடுத்துக்கொண்ட சில மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. இன்றும் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் என் புறநோயாளிப் பிரிவில் இருக்கிறார்கள்.

நீங்கள் இப்போதுதான் செயற்குழுவுக்கு வந்திருக்கிறீர்கள். "டாக்டர், நீங்க இளையவர், சங்கத்துக்கு ஒரு அஞ்சு வருஷத் திட்டம் தயார் பண்ணுங்க" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டு முறை இத்தகைய திட்டக் குழுவில் இருந்திருக்கிறேன். முதல் திட்டத்தில் பத்தொன்பது இலக்குகள் வைத்தோம். பொதுக்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு புதிய தலைவர் புதிய முழக்கத்தோடு வந்தார், பத்தொன்பதில் ஒன்றுகூட நகரவில்லை. அவர் மேல் குறை சொல்ல முடியாது. அவரிடம் யாரும் முன்கூட்டியே பேசவில்லை, நானும் பேசவில்லை. அதனால் கீழே நான் சொல்லும் ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்: இப்போதைய தலைவர் போன பிறகும் இது நிற்குமா?

முதலில் துணை விதிகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, சங்கத்தின் துணை விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். மாநிலக் கிளை தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்ப் பதிவாகியிருந்தால் பதிவுச் சான்றையும் நோக்க விளக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் தேடுவது நான்கு விஷயங்கள். பெரிய முடிவை எடுப்பது செயற்குழுவா, பொதுக்குழுவா? ஒவ்வொரு பதவிக்கும் காலம் எவ்வளவு? துணைக் குழுக்களை யார் அமைக்கிறார்கள், யார் கலைக்கிறார்கள்? ஒரு செலவுக்கு ஒப்புதல் தர யாருக்கு, எந்தத் தொகை வரை அதிகாரம்?

மூன்றாவது கேள்விதான் பலர் கவனிக்காமல் விடுவது. பல சங்கங்களில் தலைவர் மாறியதும் துணைக் குழுக்களும் மாறிவிடும். அப்படியானால் உங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தைச் சுமக்கும் குழுவுக்கு ஓராண்டு ஆயுள்தான். இதைச் சரிசெய்யத் துணை விதியைத் திருத்த வேண்டியதில்லை. "இந்தக் குழு மூன்று ஆண்டுகள் தொடரும், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் மட்டும் மாறுவர்" என்று ஒரு பொதுக்குழுத் தீர்மானம் பெரும்பாலும் போதும்.

இன்னொரு நல்ல செய்தி. தேசியச் சங்கத்தில் துணைத் தலைவராகத் தேர்வாகிறவரே அடுத்த ஆண்டின் தலைவர். யார் வரப்போகிறார் என்பது ஓராண்டு முன்பே தெரியும். உங்கள் கிளையிலும் அப்படி இருந்தால், திட்டத்தின் முதல் கூட்டத்திலேயே இப்போதைய தலைவர், அடுத்த தலைவர், செயலாளர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். உலக மனநல மருத்துவச் சங்கத்தில் தலைவருக்கு மூன்றாண்டுக் காலம், அவர் காலத்துக்கென்று ஒரு செயல்திட்டமும் வெளியிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லாததால் மூன்று தலைவர்களைக் கோத்து ஒரு மூன்றாண்டை உண்டாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

பழைய தீர்மானங்களை எடுங்கள்

கடந்த பத்தாண்டுப் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்புகளைச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காத ஆண்டுகளுக்கு அப்போதைய செயலாளரையே போனில் பிடியுங்கள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிரில் நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை என்று குறியுங்கள். நடக்காததற்குக் காரணம் தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மாலை வேலைதான். ஒரே தீர்மானம் மூன்று முறை வெவ்வேறு சொற்களில் நிறைவேறியிருப்பதைக் காண்பீர்கள். அது உறுப்பினர்கள் உண்மையிலேயே விரும்புகிற ஒன்று, செய்வதற்குத்தான் ஆள் இல்லை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரே பக்கத்தில் நிலவரம்

திட்டக் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பக்கத்தில் நாட்டு நிலவரத்தை எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நான் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இருந்தவை இவை. பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது, தமிழ்நாடும் அதில் உண்டு. வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. சிகிச்சை இடைவெளி, அதாவது நோய் இருந்தும் சிகிச்சை பெறாதவர் பங்கு, நோயைப் பொறுத்து 70இலிருந்து 92 விழுக்காடு வரை. 2019இல் இந்திய மனநல மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி ஒரு லட்சம் மக்களுக்கு மனநல மருத்துவர்களாகிய நாம் 0.75 பேர்தான் இருக்கிறோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் நாடு முழுவதும் 1,70,924 தற்கொலைகள், தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மாநிலங்களில் நாம் இரண்டாமிடம். 2022 நவம்பரில் வந்த தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலை இறப்பைப் பத்து விழுக்காடு குறைக்கச் சொல்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் தொடங்கியது.

இவற்றோடு உள்ளூர்க் கணக்கையும் சேர்க்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அரசு மனநல மருத்துவர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை? உள்நோயாளியாகச் சேர்க்கும் வார்டு அருகில் எங்கே இருக்கிறது, பஸ்ஸில் எவ்வளவு நேரம்? பெரும்பாலானவற்றை மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் தலைப்பில் நான் ஒரு தேதியை எழுதியிருந்தேன்: 2001 ஆகஸ்ட் 6. அன்று விடியற்காலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தமிழ்நாட்டில் 1794இலேயே மனநோயாளிகளுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியாயிற்று, அதுதான் பின்னாளில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையாக வளர்ந்தது. சென்னையில் இருநூறு ஆண்டு மருத்துவம் நடந்துகொண்டிருக்க, அதே மாநிலத்தின் தெற்கு மூலையில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். எண்களைப் பார்த்து நமக்குப் பழகிப்போய்விடும், அந்தத் தேதி பழகாது. பின்னாளில் அதே ஏர்வாடியில், மனநோய் தீர வேண்டி குடும்பங்கள் வரும் தர்காவின் ஒப்புதலோடு, பிரார்த்தனையைத் தடுக்காமல் மருந்தும் கொடுக்கும் 'தவா–துவா' ஏற்பாடு வந்தது. அதையும் பக்கத்தில் சேர்த்தேன்.

கேட்கப் போங்கள்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள் என்பேன். நம்மில் பலர் வாட்ஸ்அப் குழுவில் கூகுள் படிவம் ஒன்றை அனுப்பிவிட்டு, கருத்துக் கேட்டாயிற்று என்று நினைத்துவிடுகிறோம். படிவத்தை நிரப்புகிறவர்கள் ஏற்கெனவே கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான். அவர்கள் குரல் உங்களுக்குத் தெரியும்.

உறுப்பினர் பட்டியலை எடுத்து நாற்பது பேரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஊர்ப் பேராசிரியர்கள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிறவர்கள், சிறிய ஊரில் தனியாக கிளினிக் நடத்துகிறவர்கள், பி.ஜி. மாணவர்கள், படிப்பு முடித்து ஐந்து வருடம் ஆகாதவர்கள், குழந்தை பிறந்த பின் மாநாட்டுக்கு வருவதை நிறுத்திவிட்ட பெண் மருத்துவர்கள், சந்தா கட்டியும் பத்து வருடமாக முகம் காட்டாத மூத்தவர்கள் எல்லோரும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடப் போன் அழைப்பு. குழுவில் ஐந்து பேர் இருந்தால் தலைக்கு எட்டு அழைப்புதான்.

மூன்று கேள்விகள் போதும். போன வருடம் சங்கம் உங்களுக்கு எதற்குப் பயன்பட்டது? போன மாதம் உங்களால் தனியாகத் தீர்க்க முடியாமல் போன ஒரு தொழில் சிக்கல் எது? சங்கம் நிறுத்திவிட்டால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிற வேலை எது? கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். நோயாளியிடம் நாம் கடைப்பிடிக்கிற அந்த அமைதியைச் சக மருத்துவரிடம் கடைப்பிடிப்பது ஏனோ கடினமாக இருக்கிறது. இரண்டாம் கேள்விக்கு வந்த பதில்களில் எனக்கு மறக்காதது, தென் மாவட்டத்தில் தனியாகப் பணிபுரியும் ஓர் இளம் மருத்துவர் சொன்னது. தன் நோயாளி ஒருவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு மூன்று வாரம் தூங்கவில்லை, யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை என்றார். ஆயிரம் பேர் உறுப்பினராக இருக்கும் சங்கத்தில் அவருக்கு அழைக்க ஓர் எண் இல்லை. அந்த ஒரு பதிலிலிருந்தே எங்கள் இரண்டாம் திட்டத்தின் ஓர் இலக்கு பிறந்தது.

அப்புறம், நம் வட்டத்துக்கு வெளியே கேட்க வேண்டும். இங்கேதான் எதிர்ப்பு வரும். "இது மருத்துவர்கள் சங்கம், நோயாளிகளை ஏன் கூப்பிடணும்?" என்று ஒரு மூத்தவர் கட்டாயம் கேட்பார். மரியாதையாகச் சட்டத்தைக் காட்டுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மாவட்டங்களில் அமைய வேண்டிய மனநல மறுஆய்வு வாரியத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. மாவட்ட நீதிபதி நிலையில் ஒரு தலைவர், ஆட்சியரின் பிரதிநிதி ஒருவர், மருத்துவர் இருவர், அதில் ஒருவர் மனநல மருத்துவர். அதோடு நோயை அனுபவித்தவர்கள், பராமரிப்போர், அவர்கள் சார்பான அமைப்புகள் ஆகிய தரப்பிலிருந்து இருவர். நம் முடிவுகளைப் பரிசீலிக்கும் வாரியத்தில் அவர்களுக்கு நாற்காலி போட்டாயிற்று. நம் திட்டத்தைப் பேசும்போது அவர்களைக் கேட்காமல் இருப்பது எப்படிச் சரியாகும்?

கூப்பிடும் முறையும் முக்கியம். ஒருவரை மட்டும் கூப்பிடாதீர்கள், இருபது மருத்துவர்கள் நடுவில் ஒருவர் வாய் திறக்க மாட்டார். நோயிலிருந்து மீண்டவர்கள் இருவர் மூவர், குடும்பத்தினர் இருவர் மூவர். பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுங்கள், அதைக் கூட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கூட்டம் முழுவதும் தமிழில் நடக்கட்டும். நமக்குள் பேசும் ஆங்கிலச் சொல் ஒன்று விழுந்தால் உடனே விளக்குங்கள். மனநல செவிலியர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரை வேறொரு நாள் தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒரே அறையில் வைத்தால் மருத்துவர் பேச்சே ஓங்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா பேசினார். மகனுக்கு மனச்சிதைவு, பன்னிரண்டு வருடமாக மாத்திரை. அவர் எங்களிடம் கேட்டது புதிய மருந்தையோ புதிய மருத்துவமனையையோ அல்ல. மாத்திரையின் நிறம் மாறாமல் இருக்க வேண்டும் என்றார். அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு மாதம் மஞ்சளாக வந்தது. விஷம் வைக்கிறார்கள் என்று மகன் விழுங்க மறுத்துவிட்டான். ஆறு வாரத்தில் மறுபடியும் வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் மருந்தியல் தெரியும். டெண்டரில் கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும் என்பதும் தெரியும். ஆனால் சந்தேகமே நோயின் அறிகுறியாக இருப்பவருக்கு அது என்ன செய்யும் என்று கொள்முதல் செய்பவர்களிடம் போய் ஒருநாளும் சொன்னதில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. அவர்களிடம் தனி ஒரு மருத்துவர் போய் நின்றால் கேட்பது கடினம். சங்கம் எழுத்தில் கேட்டால் கேட்பார்கள். நிறத்தை மாற்றாமல் இருக்க முடியாவிட்டாலும், மாறப்போவதை ஒரு மாதம் முன்னால் வார்டுகளுக்குத் தெரிவிக்கலாம் அல்லவா?

நமக்கே உரிய வேலை எது?

கேட்டு முடித்ததும் உங்களிடம் ஐம்பது அறுபது யோசனைகள் இருக்கும். எல்லாமே நல்லவையாக இருக்கும். அதுதான் சங்கடம்.

ஒவ்வொன்றையும் இந்தச் சல்லடையில் போடுங்கள்: இதைச் சங்கமாக நாம் செய்யாவிட்டால் வேறு யாராலும் செய்ய முடியாதா? பள்ளியில் விழிப்புணர்வுப் பேச்சு நல்ல வேலைதான், ஆனால் பல அமைப்புகள் அதைச் செய்கின்றன. மறுவாழ்வு இல்லம் நடத்துவதும் அப்படியே. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993இல் தொடங்கிய பேன்யன் போன்றவை அதில் நம்மைவிட ஆழமாகப் போயிருக்கின்றன. அங்கே நாம் துணை நின்றால் போதும்.

சங்கத்தால் மட்டும் முடிந்த வேலைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மனநோயால் வரும் ஊனத்தை எப்படி அளப்பது என்று நாட்டில் ஒருமித்த முறை இல்லாதிருந்தது. கை கால் ஊனத்துக்குச் சான்று கிடைக்கும், மனச்சிதைவுக்குக் கிடைக்காது. இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு ஓர் அளவுகோலை உருவாக்கியது. ஐடியாஸ் என்று நாம் தினமும் சொல்வது அதைத்தான். தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கிலும் மதிப்பெண், அதோடு நோய் நீடித்த காலத்துக்கு மதிப்பெண். 2002இல் அரசும் அதை ஏற்று அறிவித்தது. இன்று உங்கள் மருத்துவமனையில் நாற்பது விழுக்காட்டுச் சான்றுக்காக வரிசையில் நிற்கிறவர், உதவித்தொகையோ பஸ் பாஸோ வாங்குகிறவர், அந்தக் குழுவின் வேலையால் பயன் பெறுகிறவர். குழுவில் இருந்தவர்களின் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அளவுகோல் நிற்கிறது.

இன்னொன்று, சங்கத்தின் சொல்லுக்கு இருக்கும் எடை. 2018இல், தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது, தன்பால் ஈர்ப்பு நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவச் சங்கம் வெளிப்படையாக அறிக்கை விட்டது. வயது வந்தோரிடையே அந்த உறவு குற்றமல்ல என்று செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. இது நோயல்ல என்று ஒரு மருத்துவர் தன் அறையில் ஆயிரம் பேரிடம் சொல்லலாம். சங்கம் ஒரு முறை சொல்லும்போது, "மாத்திப் போடுங்க டாக்டர்" என்று பிள்ளையை இழுத்து வரும் தந்தையிடம் எந்த ஊர் மருத்துவரும் அதைக் காட்டிப் பேச முடிகிறது.

சல்லடையில் தேறியவற்றில் மூன்றை மட்டும் வையுங்கள். நான்கு வேண்டாமா என்று கேட்பார்கள், வேண்டாம். மற்றவற்றை ஒரு தனித் தாளில் 'இப்போதைக்கு எடுக்காதவை' என்று தலைப்பிட்டுக் காரணத்தோடு எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். யோசனை சொன்னவருக்குத் தன் யோசனை படிக்கப்பட்டது என்று தெரியும். அடுத்த வருடம் அதே யோசனை புதிதுபோல் வரும்போது எடுத்துக் காட்டவும் உதவும்.

இலக்கை எழுதும் விதம்

"தற்கொலைத் தடுப்பில் முன்னோடியாகத் திகழ்வோம்." எங்கள் முதல் திட்டத்தில் இப்படித்தான் எழுதினோம். இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை யார் என்ன செய்வது?

இதையே வேறு விதமாகப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஓர் ஆய்வு நடத்தியது. சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்புகொண்டார்கள். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினரும், தொடர்பில் இருந்தவர்களில் 0.2 விழுக்காட்டினரும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். 2008இல் இந்த முடிவு வெளிவந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. உட்கார்ந்து பேச ஓர் ஆளும் ஒரு போனும் இருந்தால் நடக்கும்.

இப்போது இலக்கை எழுதுங்கள்: "இரண்டு ஆண்டுக்குள், நம் உறுப்பினர் பணிபுரியும் பத்து அரசு மருத்துவமனைகளில், தற்கொலை முயற்சிக்குப் பின் வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்தில் ஒரு தொடர்பு அழைப்பும் பிறகு ஒன்றரை ஆண்டுவரை அட்டவணைப்படி அழைப்புகளும் போகும். அழைப்பவருக்குப் பயிற்சியும் பதிவேட்டு மாதிரியும் சங்கம் தரும்." எத்தனை மருத்துவமனை, எந்தத் தேதி, யாருக்கு, என்ன என்று எல்லாம் வந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து நடந்ததா என்று எண்ணிப் பார்க்கலாம். பத்து அதிகமாகத் தோன்றினால் மூன்று என்று எழுதுங்கள். மூன்று நடப்பது நல்லது.

ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு பெயர் போடுங்கள். ஒருவர் இப்போது பொறுப்பு, மற்றவர் அவருக்கு அடுத்தவர். இரண்டாமவர் நாற்பது வயதுக்குள் இருக்கட்டும், கூட்டங்களுக்கு முதல் நாளிலிருந்தே வரட்டும்.

பணம்

இதைப் பேசத் தயங்குவோம், தயங்கக் கூடாது. பெரும்பாலான சங்கங்களில் ஆயுள் சந்தா ஒரே முறை வாங்குவது. ஆண்டு வருமானம் என்று தனியாக ஒன்றும் வராது. மாநாட்டில் மிஞ்சுவதுதான் பணம். மாநாட்டின் பணமோ பெரும்பங்கு மருந்துக் கம்பெனி ஸ்டால்களிலிருந்து வருகிறது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நடைமுறைகளுக்கான சீரான விதித்தொகுப்பை வெளியிட்டது. மருத்துவருக்குப் பரிசுப் பொருள் கூடாது, பேச்சாளராக வருபவர் தவிர மற்றவர்களுக்குப் பயணச் செலவோ தங்கும் செலவோ கூடாது என்று அதில் இருக்கிறது. இந்த வழியிலேயே எப்போதும் பணம் வரும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நான் சொல்வது இதுதான். மாநாட்டு மிச்சத்தில் இத்தனை விழுக்காடு திட்ட நிதிக்குப் போகும் என்று மாநாட்டுக்கு முன்பே தீர்மானம் போட்டுவிடுங்கள். மிச்சம் கைக்கு வந்த பிறகு பேசினால் அதற்கு ஆயிரம் தேவை முளைக்கும். மூன்று இலக்குகளுக்கும் ஸ்பான்சர் பணம் வேண்டாம். ஒரு முறை கிராம விழிப்புணர்வு முகாம்களின் முழுச் செலவையும் ஏற்பதாக ஒரு கம்பெனி வந்தது. கொண்டுவந்த துண்டறிக்கையில் மனச்சோர்வு பற்றிப் பாதிப் பக்கம், மாத்திரை பற்றி ஒன்றரைப் பக்கம். பேச்சு சிகிச்சை பற்றி ஒரு வரிகூட இல்லை. மறுத்துவிட்டோம், முகாம்களைப் பாதியாகக் குறைத்துச் சொந்தக் காசில் நடத்தினோம். மக்கள் நம்மிடம் அந்தரங்கத்தைச் சொல்வது நம் வாய்ச்சொல்லை யாரும் விலைக்கு வாங்கவில்லை என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை போனால் திட்டம் எதற்கு?

செலவுக் கணக்கில் மறக்காமல் போட வேண்டிய ஒன்று, பகுதிநேர அலுவலக உதவியாளர் ஒருவர். கிளினிக் முடித்து இரவு பத்து மணிக்கு மின்னஞ்சல் பார்க்கும் மருத்துவர்களை மட்டும் நம்பி எந்தத் திட்டமும் ஓராண்டு தாண்டாது.

பொதுக்குழுவில் வைப்பது

வரைவை இருபத்தொரு நாள் முன்பே அனுப்புங்கள். இரண்டு பக்கம் போதும். எதிர்ப்பார் என்று தெரிந்தவர்களை முன்கூட்டியே நேரில் போய்ப் பாருங்கள், அவர்கள் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், திருத்துங்கள். தீர்மானத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: மூன்று இலக்குகள், குழுவின் மூன்றாண்டுக் காலம், நிதிப் பங்கு, பதினெட்டாம் மாதத்தில் மறுபரிசீலனை. அடுத்த தலைவர் முன்மொழியட்டும், அதற்கடுத்து வரப்போகிறவர் வழிமொழியட்டும். முடிவெடுக்கத் தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் (கோரம்) இருக்கும்போதே வாக்கெடுப்பை முடியுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் யாரும் இருக்க மாட்டார்கள்.

கைமாற்றம்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைப் பக்கக் குறிப்பு. ஒவ்வொரு இலக்குக்கும் என்ன நடந்தது, என்ன தடை, அடுத்த மூன்று மாதத்தில் என்ன. உறுப்பினர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள், கேட்கக் கூப்பிட்ட நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்கும் தமிழில் அனுப்புங்கள். நடக்காததை நடக்கவில்லை என்றே எழுதுங்கள். எங்கள் இரண்டாம் திட்டத்தில் மூன்றில் ஒன்று பதினெட்டாம் மாதத்தில் சுத்தமாக நின்றுபோயிருந்தது. அதை மறைக்காமல் எழுதியதால்தான் வேறொரு மாவட்டத்திலிருந்து ஒருவர் தானாக வந்து எடுத்துக்கொண்டார். நோயாளியை இழந்த மருத்துவர்களுக்கான அழைப்பு எண் இன்று வேலை செய்கிறது. ஆறு மூத்த மருத்துவர்கள் முறை வைத்து எடுக்கிறார்கள், பேசுகிறவர் பெயரை எங்கும் பதிவதில்லை.

தலைவரோ செயலாளரோ மாறும்போது ஒரு கோப்பைக் கையில் கொடுங்கள். தீர்மானத்தின் நகல், நிதி நிலை, அரைப் பக்கக் குறிப்புகள், 'இப்போதைக்கு எடுக்காதவை' தாள், அரசு அலுவலகங்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பென் டிரைவில் மட்டும் கொடுத்தால் திறக்க மாட்டார்கள், அச்சிட்டே கொடுங்கள். முதல் பக்கத்தில், கருத்துக் கேட்டபோது வந்தவர்களில் சம்மதம் தந்தவர்களின் பெயரும் போன் எண்ணும், அவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருக்கிறோம், எப்போது மறுபடி அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம் என்பதும் இருக்கட்டும். எங்கள் கோப்பில் அந்தப் பக்கத்தின் இரண்டாவது வரியில் மாத்திரை நிறம் பற்றிக் கேட்ட அந்த அம்மா இருக்கிறார். கொள்முதல் அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் தேதியும், பதில் வந்ததும் அவருக்குச் சொல்ல வேண்டும் என்ற குறிப்பும் அருகில் இருக்கின்றன. புதிய செயலாளர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அவரை அழைக்க வேண்டும்.